இரண்டு மேடு

யுத்த காலத்தில் எங்கள் ஹைஸ்கூல் சயின்ஸ் ரூமின் அலமாரிகளில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. லேபிள்கள் இருந்தன, உள்ளே மருந்து இல்லை. மதராஸிலிருந்து சரக்கு வரவில்லை என்றார்கள். செம்பு உப்பின் நீலப் படிகங்களை நான் பாடப் புத்தகத்தில்தான் படித்தேன், கண்ணால் பார்த்ததில்லை. உருப்படியாக மிஞ்சியவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரண்டு தராசுகளும், ஒரு ஜாடி ஆசிடும்தான். ஆசிட் தீராமல் இருந்ததற்குக் காரணம், அதைக் கொண்டு செய்ய ஒரே ஒரு சோதனைதான் இருந்தது. அரியலூரில் எங்கே குனிந்தாலும் சுண்ணாம்புக் கல் கிடைக்கும். ஒரு துண்டைப் பொறுக்கி வந்து, அதன் மேல் இரண்டு சொட்டு விட்டால் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது.

சயின்ஸ் சார் திருச்சியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு வந்தவர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. மருந்து இல்லாவிட்டால் என்ன, தராசு இருக்கிறதே என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார்.

"ஒரே அச்சுல விழுந்த மிட்டாய் நூறு இருக்குன்னு வச்சுக்கோங்க. எல்லாம் ஒரே எடை இருக்குமா?"

"இருக்கும் சார்" என்றார்கள் பையன்கள்.

"எப்படித் தெரியும்? போட்டுப் பாத்தீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்கப்பா கிட்ட ஒரு பாட்டில் மிட்டாய் கேட்டு வாங்கிட்டு வர முடியுமா?"

வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். நானும், ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவரின் மகளும். நாங்கள் தனி பெஞ்சில், சுவரோரமாக உட்கார்ந்திருப்போம். யாரும் எங்களிடம் எதையும் கேட்பதில்லை. அன்றைக்கு சார் கேட்டது எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் மிட்டாய்க் கடை. வீட்டுக் கொல்லையில் கூரை போட்ட பட்டறை. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வந்ததும் மடித்து மடித்து இழுத்து, கடைசியில் அச்சு மெஷினுக்குள் விடுவார். இரண்டு பித்தளை உருளைகள், அவற்றில் குழி குழியாக அச்சு. கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் பெப்பர்மிண்டு மிட்டாய்கள் பட்டையாக வந்து விழும். ஆறியதும் தட்டினால் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சர்க்கரைக்கு ரேஷன் வந்த பிறகு ஊரில் பல பேர் மிட்டாய் போடுவதையே விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. "எங்கப்பா மிட்டாய்ல கலப்படமே கிடையாது" என்று நான் பெஞ்சுத் தோழியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் சம்மதம்தான். அவள் தம்பி எங்கள் கடை மிட்டாய் இல்லாமல் தூங்க மாட்டான்.

அப்பா பாட்டிலை நிரம்பக் கொடுத்தார். சார் காசு தருவதாகச் சொன்னதைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துக்குத்தானே, காசு எதுக்கு? சாரைக் கேட்டதாச் சொல்லு" என்றார். சார் அவருக்குப் பழக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எடை போட ஒரு வாரம் பிடித்தது. ஜோடி ஜோடியாகத் தராசுப் பெட்டி முன் உட்காரவேண்டும். எடைக்கல்லைக் கையால் தொடக்கூடாது. விரல் பிசுக்கு பட்டால் எடை மாறிவிடும் என்று இடுக்கியைக் கொடுத்திருந்தார். மூச்சு விட்டால் முள் ஆடும் என்பதால் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டுக் காத்திருக்கவேண்டும். முள் அங்கும் இங்கும் ஆடி ஓயும் வரை தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். ஒரு மிட்டாய் நாலு கிராம் சுமார் இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் கூட. அதற்கடுத்ததில் கொஞ்சம் குறைவு. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தவை தராசுக்கு வேறு வேறாகத் தெரிந்தன. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

சார் பாடத்தை நிதானமாகக் கட்டிக்கொண்டு போனார். முதலில் சராசரி. எல்லா எடையையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். அத்தோடு அவர் நிறுத்தவில்லை.

"ஒருத்தன் ஆறடி, இன்னொருத்தன் நாலடி. சராசரி என்ன?"

"அஞ்சடி சார்."

"அந்த அஞ்சடி ஆளு எங்கடா? ரூமுக்குள்ள காணுமே?"

எல்லோரும் சிரித்தோம். "அதனால சராசரி மட்டும் தெரிஞ்சா போதாது. அதுலேர்ந்து ஒவ்வொண்ணும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னும் பாக்கணும். ரொம்பத் தள்ளி நின்னா ஏன்னு கேக்கணும்" என்றார். அந்த 'ஏன்னு கேக்கணும்' என்பதை இரண்டு தடவை சொன்னார்.

பிறகு போர்டின் அடியில் நீளமாக ஒரு கோடு போட்டு, இடமிருந்து வலமாக எடைகளை எழுதினார். ஒவ்வொரு ஜோடியும் போய்த் தங்கள் மிட்டாயின் எடைக்கு நேர் மேலே ஒரு பெருக்கல் குறி போடவேண்டும். ஒரே எடை மறுபடி வந்தால் முந்தைய குறியின் தலைமேல் அடுத்த குறி. "கடைசியில் நடுவுல உசந்து, ரெண்டு பக்கமும் சரிஞ்சு, ஒரு மேடு மாதிரி வரும் பாருங்க. அச்சு, பாகு, கை, எல்லாத்துலயும் இருக்கிற சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து அப்படி ஒரு மேட்டைக் கட்டும்" என்றார்.

எல்லோரும் போட்டு முடித்தோம். போர்டில் ஒரு மேடு வரவில்லை. இரண்டு வந்தன. நாலு கிராம் பக்கத்தில் ஒன்று. அதற்கு வலது பக்கம், பள்ளம் விட்டு, கனமான எடைகளுக்கு மேல் இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு போல இருந்தது.

"ஏன் சார் ரெண்டு?" என்று ஒரு பையன் கேட்டான்.

சார் போர்டைப் பார்த்தார். மேஜை மேல் மிஞ்சிக் கிடந்த மிட்டாய் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். "ஒரு தராசு சரியில்லை போலிருக்கு. கனமா வந்ததெல்லாம் பிழை" என்று சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்து வலது மேட்டை அழித்தார். மிச்சம் இருந்த மேட்டுக்குச் சராசரி கண்டுபிடித்தோம். விடை அழகாக வந்தது.

"நாம ஒரே தராசுலதானேடி போட்டோம்? நமக்கே ரெண்டு தினுசா வந்துச்சே" என்றாள் தோழி, மெல்ல.

எனக்கும் அது உறுத்தியது. ஆனால் என் மனம் தராசின் மேல் போகவில்லை. அப்பாவின் அச்சு மெஷின் மேல் போனது. ஒரு பக்க உருளை தேய்ந்திருக்குமோ, அதனால் சில மிட்டாய் கனமாக விழுகிறதோ என்று நினைத்தேன். கண்டுபிடித்துச் சொன்னால் அப்பாவுக்கு உதவியாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அப்பா பட்டறையில் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் என் படிப்பைப் பற்றி எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு நான் சொல்லச் சொல்லக் கையிலிருந்த துணியை வைத்துவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். தரையில் கரியால் கோடு போட்டு, சார் போட்டதைப் போலவே இரண்டு மேட்டையும் வரைந்து காட்டினேன்.

"எடையை வச்சு மிட்டாய்க்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாதுப்பா. ஆனா ரெண்டு தினுசு கலந்திருந்தா காட்டிக்குடுத்துடும்."

"அந்த ரெண்டு தினுசும் ஒரே எடையா இருந்தா?"

"அப்பத் தெரியாது. ஒரே மேடாத்தான் வரும்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டே அந்தக் கரிக் கோட்டைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "என் தாயி" என்றார். அப்பா அப்படி என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த சில நாள்கள் சாயங்காலம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நேரமாக இருந்தது. தங்க வேலை செய்யும் ஒருவரிடமிருந்து அப்பா சின்னத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். பகலில் போட்ட மிட்டாய்களை, ஒரு தடவை காய்ச்சிய பாகு ஒரு ஈடு என்று, ஈடு வாரியாகத் தனித்தனித் தட்டில் வைத்திருப்பார். ஒவ்வொரு தட்டிலிருந்தும் கைக்கு வந்ததை எடுத்து நான் எடை போடுவேன். "பாத்துப் பொறுக்கக் கூடாதுப்பா, கண்ணை மூடிட்டு எடுக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடி எடுத்துக் கொடுத்தார். ஒரு தட்டு எப்போதும் கனமாக இருந்தது.

"இந்த ஈடு விடும்போது மட்டும் உருளைத் திருகாணியை ஒரு சுத்து இறுக்கிப் பாருங்கப்பா. மிட்டாய் மெலிசா விழும், எடை சரியாயிடும்" என்றேன்.

இறுக்கினார். இரண்டு நாளில் எல்லாத் தட்டும் ஒன்றுபோல வந்துவிட்டது. ஒரே அச்சு, ஒரே சர்க்கரை, ஒரே கை என்றால் ஒரு ஈடு மட்டும் ஏன் கனக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் என் அருகில் உட்கார்ந்து, நான் சொல்வதைக் கேட்டு, திருகாணியை இறுக்கியதிலேயே நான் நிறைந்துபோயிருந்தேன்.

அப்பா இன்னொரு பாட்டில் மிட்டாய் கொடுத்தனுப்பினார். "சார் கிட்ட சொல்லி, மறுபடியும் போட்டுப் பாக்கச் சொல்லு. நாலு பேருக்கு முன்னால நம்ம சரக்கு சரியா இருக்கணும்."

மறுபடி எடை போட்டோம். இந்தத் தடவை போர்டில் ஒரே மேடு எழுந்தது. நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சரிந்து, சார் முதலில் சொன்னதைப் போலவே இருந்தது. "இதுதாண்டா" என்று சார் போர்டைத் தட்டினார். பையன்கள் கைதட்டினார்கள். என் காதுமடல் சுட்டது.

அன்றைக்குச் சாமான் கழுவும் முறை எங்களுடையது. தோழி ஒரு பீக்கரில் தண்ணீர் பிடித்து, கீழே விழுந்து மண் ஒட்டிய நாலைந்து மிட்டாயை அதில் போட்டிருந்தாள். கழுவித் தம்பிக்கு எடுத்துப்போகலாம் என்று நினைத்தாளாம். தராசுகளைத் துடைத்து மூடிவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது மிட்டாய் கரைந்தேபோயிருந்தது. அடியில் மண் கொஞ்சம். அதன் மேல், நகத்தின் கனத்துக்கு வெள்ளையாக ஒரு வண்டல் படிந்திருந்தது.

"சர்க்கரை கரையலையாடி?" என்றாள்.

கலக்கினேன். பால் போல எழுந்து, மறுபடி மெல்லக் கீழே போய்ப் படுத்தது. தண்ணீரை வடித்துவிட்டு அந்த வண்டலைத் தொட்டேன். விரலில் மாவாக ஒட்டியது. அரியலூரில் பிறந்தவளுக்கு அந்த வெள்ளையைத் தெரியாமல் போகாது. ஆனாலும் தோழி ஜாடியிலிருந்து இரண்டு சொட்டு ஆசிட் விடும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புஸ்ஸென்று நுரைத்தது. நாங்கள் அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்திருந்த அதே நுரை.

தோழி என்னைப் பார்க்கவில்லை. பீக்கரைப் பார்த்துக்கொண்டே, "தம்பிக்கு வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு அம்மா வௌக்கெண்ணெய் குடுத்துட்டே இருக்காங்க" என்றாள்.

எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. முதலில் வந்த இரண்டு மேடுதான் நிஜம். சர்க்கரை மிட்டாய் ஒரு மேடு, கல்மாவு கலந்த மிட்டாய் ஒரு மேடு. போர்டில் இப்போது நிற்கும் இந்த அழகான ஒற்றை மேடு, நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துக் கட்டியது.

பீக்கரை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவர் வராந்தாவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் பீக்கருக்குள் பார்த்தார்.

"ஆசிட் பழசு. எதைப் போட்டாலும் நுரைக்கும்" என்றார்.

"சர்க்கரையில போட்டா நுரைக்காது சார்."

சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார் கிட்டயாவது சொல்லிட்டியா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா சார்?"

அவர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "வீட்டுல கைக்குழந்தைம்மா. தாய்ப்பால் போதலை, புட்டிப்பால்தான். கார்டுக்குத் தர்ற சர்க்கரை பத்து நாளைக்குக் காணலை. உங்கப்பா பாத்துக் கொஞ்சம் சர்க்கரை அனுப்புறார். சுண்ணாம்புக் கல் ஒண்ணும் விஷமில்லை. ஊர்ல எவ்வளவோ நடக்குது."

"விஷமில்லைன்னா ஏன் சார் அழிச்சீங்க?"

அவர் பீக்கரை என் கையிலிருந்து வாங்கி, வராந்தா ஓரத்து வேப்பமரத்தடியில் கவிழ்த்தார். பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "கழுவி வச்சுட்டுப் போம்மா" என்றார். வெறும் பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சைக்கிளில் போவதைப் பார்த்தேன். தள்ளி நின்றால் ஏனென்று கேட்கவேண்டும் என்று சொன்ன வாய் அதுதான்.

வீட்டுக்குப் போனால் அப்பா இல்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் நேராகக் கொல்லைக்குப் போய்ப் பட்டறையின் மூலையில் இருந்த பெரிய மண்பானையைத் திறந்தேன். நான் அதுவரை அதைத் திறந்து பார்த்ததில்லை. பாதிப் பானை வெள்ளை மாவு. மேலே அம்மாவின் பழைய சேலைத் துணி, சலிப்பதற்காக மடித்து வைத்தது.

அம்மா பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஆச்சரியமில்லை. அவள் கேட்டதும் சார் கேட்டதையேதான்.

"வெளியில யாருகிட்டயாவது சொல்லிட்டியா?"

"உனக்கும் தெரியுமாம்மா?"

"நான்தான் சலிச்சுக் குடுக்கிறேன். தெரியாம என்ன?" பானையை மூடினாள். "உனக்கும் உன் தம்பிக்கும் வூட்டுல தனி டப்பா வச்சிருக்கேனில்ல? அதுல சுத்தமான சர்க்கரை மிட்டாய்தான். கடை பாட்டில்ல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சொல்லியிருக்கிறாள். வியாபாரச் சரக்கைத் தின்னக்கூடாது என்ற கண்டிப்பு என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் இரண்டு பேர் வயிற்றை மட்டும் காப்பாற்றிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றதைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாட்டிலில் இரண்டு தினுசும் கலந்து வந்தது, பள்ளிக்கூடத்துக்குத்தானே என்று மாவு கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று என்று வைத்திருந்த இரண்டு டின்னிலிருந்தும் அப்பா அள்ளிப் போட்டதால்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அப்பா வந்தார். அம்மா அவரிடம் ஏற்கெனவே ஜாடை காட்டியிருக்கவேண்டும். கை கால் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கோபமே இல்லை.

"நிறுத்திடுங்கப்பா" என்றேன்.

"யுத்தம் முடியட்டும்மா. பர்மிட் சர்க்கரை பாதி, சர்க்கரையாவும் சுத்தமான மிட்டாயாவும், ஆபீசர் வூட்டுக்கும் பெரிய மனுசங்க வூட்டுக்கும் போயிடுது. குடுக்கலைன்னா பர்மிட்டே போயிடும். மிச்சத்தை வச்சுக் கடை நடத்தணும்ல?"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எதுக்கு என்னை உக்கார வச்சு எடை போடச் சொன்னீங்க?"

"நீதானே சொன்னே, ரெண்டும் ஒரே எடையா இருந்தா தெரியாதுன்னு" என்று அவர் சிரித்தார். "உனக்கு இருக்கிற மூளை எனக்கு இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

அவர் என் தலையைத் தொட வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். கை அந்தரத்தில் கொஞ்சம் நின்று, திரும்பிப் போனது.

அந்த வாரம் நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். சயின்ஸ் ரூமில் சார் என் பக்கம் திரும்பாமலே பாடம் நடத்தினார். தோழி பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தன் தம்பிக்கு இப்போது மிட்டாய் வாங்குவதில்லை என்று மட்டும் சொன்னாள். வேறு யாரிடமும் அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளாவது என்னைத் திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

சந்தை நாள் வந்தது. சந்தைக்குக் கூட்டம் வந்தால் கடையில் உதவிக்கு நிற்பது என் வழக்கம். செந்துறைப் பக்கத்திலிருந்து கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த குடும்பம் ஒன்று கடை முன்னால் வண்டியை நிறுத்தியது. இறங்கிய பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை, அழுது அழுது மூக்கு ஒழுகியபடி. அவள் மிட்டாய் பாட்டிலைக் காட்டினாள். அப்பா மூடியைத் திறந்தார்.

என்னை அறியாமல் வாய் திறந்துகொண்டது. "வேண்டாங்க அக்கா. அதுல சுண்ணாம்புக் கல்லு மாவு கலந்திருக்கு."

அப்பாவின் கை பாட்டிலுக்குள்ளேயே நின்றது. பக்கத்துக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நான் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று நினைத்தேன். கூட்டம் கூடும், கேள்வி கேட்பார்கள், பாட்டிலைத் தெருவில் போட்டு உடைப்பார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "சுண்ணாம்பா? வெத்தலைக்குத் தடவுறதுதானே. நாங்களும் திங்கறதுதான்" என்றாள். "சர்க்கரையைக் கண்ணால பாத்து எத்தனை மாசமாச்சு? அழுவுற புள்ளைக்கு வேற என்னத்தக் குடுக்க? நீ போடு அண்ணே."

அப்பா போட்டார். கொசுறாக ஒன்று எடுத்துக் குழந்தையின் வாயிலேயே வைத்தார். அது அழுகையை நிறுத்திவிட்டுச் சப்பியது. பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "என்ன அண்ணே, பொண்ணு வியாபாரத்துக்கே வேட்டு வைக்குது?" என்றார். அப்பாவும் சிரித்தார். "படிக்குதுல்ல, அதான் வெளையாடுது."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அப்பா என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளுடைய பிள்ளைக்காக நான் பேசிய பேச்சை அந்தப் பெண்ணே ஒரு காசுக்கு மதிக்காமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலை அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "குரும்பலூர் அத்தை உடம்பு முடியலைன்னு சொல்லி அனுப்பியிருக்கு. ஒத்தாசைக்கு நீ போயி இரு."

"பள்ளிக்கூடம்?"

"படிச்ச வரைக்கும் போதும்."

அத்தைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அது போன பிறகுதான் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் குரல் கேட்டு எழுந்தேன். அதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "அவ காலையிலயே ஊருக்குப் போயிட்டாளேம்மா." "சரிங்க, எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். நான் மடித்த பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு அறை நிலைப்படியில் நின்றேன். அம்மா என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். தோழியின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். மறுபடி அவளை நான் பார்க்கவில்லை.

பெரம்பலூர் வரை அப்பா கூட வந்தார். அப்போதெல்லாம் பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து ஓட்டும் பஸ். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும். அப்பாவும் இறங்கித் தள்ளினார். முகமெல்லாம் கரியாக ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மழை இல்லாததைப் பற்றியும் சோளத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தேன். பெரம்பலூரில் அத்தை வீட்டு மாட்டுவண்டி காத்திருந்தது. என்னை ஏற்றிவிட்டு, "சமத்தா இரு" என்றார்.

யுத்தம் முடிந்தது. சர்க்கரை உடனே சரளமாகிவிடவில்லை. ஆனாலும் மெல்ல மெல்ல நிலைமை தேறியது. அப்பா கல்மாவை நிறுத்திவிட்டார் என்று அம்மா ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது என் காதோடு சொன்னாள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கஷ்ட காலத்திலும் கடையை மூடாத யோக்கியர் என்று ஊரில் அப்பாவுக்கு நல்ல பெயர்.

அத்தை வீட்டில் என்னைக் குறை ஒன்றும் வைக்காமல்தான் பார்த்துக்கொண்டார்கள். வயலுக்குச் சோறு கொண்டுபோனேன். அத்தையின் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அரியலூருக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன். கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்ததும் குரும்பலூருக்குத்தான். அப்பாவும் அம்மாவும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் தானிய வியாபாரம் செய்கிறவர். பெண் எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்தைப் பாதியில நிறுத்திட்டோமுங்க. ஆனா கணக்குல புலி. ஒரு சமயம் என் மிட்டாய் ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு எடையா வந்துச்சு. எனக்குக் காரணம் புரியலை. இது பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து, கோடு போட்டுக் காட்டி, திருகாணியை ஒரு சுத்து இறுக்கச் சொல்லிச்சு. அன்னிலேர்ந்து சரக்கு ஒரே சீர். இப்பவும் அதே அளவுலதான் போடுறேன்."

எல்லோரும் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்கள். கையில் தட்டை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அம்மா பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

அவர்கள் போன பிறகு, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன்.

"ஏம்ப்பா அதைச் சொன்னீங்க?"

"எதை?"

"அச்சு விஷயத்தை."

"பெருமைக்குத்தாம்மா சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான். எம்பொண்ணு யோசனைன்னு" என்றார். முகத்தில் கள்ளமே இல்லை. அவர் மறைத்துப் பேசவில்லை, உண்மையிலேயே அந்தக் கதையில் மாவு இருந்ததை மறந்துபோயிருந்தார்.

"அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எதையுமே சொன்னதில்லை. கவனிச்சீங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வயசுப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மத்தியான பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். அந்த இடமே எனக்கு அமைந்தது. கணக்குத் தெரிந்த பெண் என்பதற்காகத்தான் மாப்பிள்ளை வீட்டார் உடனே சம்மதித்தார்களாம். அத்தைதான் வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.